காணும் பொங்கலும் வேண்டாம், கத்திரியும் வேண்டாம்

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு வர ஆட்டோ தேடிக்கொண்டிருந்தேன். "ஏறுங்க டீச்சர்" என்று ஒரு குரல். பார்த்தால் நம் பள்ளிக்கூடத்துப் பையன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது அவனுக்கே ஐந்தாம் வகுப்பில் ஒரு மகள், இரண்டாம் வகுப்பில் ஒரு மகன். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் கூச்சப்படுவான். பொங்கல் எப்படிப் போச்சு என்று சும்மா கேட்டுவைத்தேன். அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டான்.

ஆறு மாதம் சீட்டுக் கட்டி, அந்தப் பணத்தில் காணும் பொங்கலன்று மனைவி, பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேராக ஒரு தீம் பார்க்குக்குப் போயிருக்கிறான். எந்தப் பார்க் என்பது இங்கே வேண்டாம். அன்றைக்கு எங்கே போயிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும். காலை பத்தரைக்கு வாசலில் நின்றவர்கள் உள்ளே நுழையும்போது மணி பன்னிரண்டு. சாயங்காலம் வெளியே வரும்வரை பிள்ளைகள் ஏறியது மூன்றே ராட்டினம். அதில் ஒன்று கைக்குழந்தைகள் ஏறும் குதிரை ராட்டினம். சாப்பாட்டுக்கு வரிசை, கழிப்பறைக்கு வரிசை, வெளியே வந்து வண்டி எடுக்கவும் வரிசை. சின்னவன் வரிசையில் நிற்கும்போதே அப்பா தோளில் தூங்கிவிட்டான். எழுப்பி ஏற்றியதும் மிரண்டு அழுதிருக்கிறான்.

"பணம் போனதுகூடப் பரவால்ல டீச்சர். பொண்ணு வீட்டுக்கு வந்து, இனிமே அங்க போக வேணாம்பான்னு சொல்லிச்சு. அதான் தாங்கல. நாங்க எப்பதான் போயிருக்கணும்?"

பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னதற்காக அவனை எத்தனையோ நாள் எழுந்து நிற்கவைத்தவள் நான். அவன் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டுக் காசு வாங்காமல் போய்விட்டான். அந்தக் கடனுக்குத்தான் இந்தப் பதிவு.

இன்னொரு காரணமும் உண்டு. சென்ற டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா திறந்ததிலிருந்து எங்கள் வீட்டுப் போன் ஓயவில்லை. கொச்சியிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இருந்தது நம் பக்கத்துக்கும் வந்துவிட்டது என்று ஆளாளுக்குத் திட்டம் போடுகிறார்கள். "அத்தை, மே மாசம் லீவுக்கு வர்றோம், ரெண்டு நாள் உங்க வீட்ல தங்கி பார்க்குக்குப் போறோம்" என்கிறான் பெங்களூரிலிருக்கும் தம்பி மகன். தாராளமாக வா கண்ணு, நாலு நாள் தங்கு. மே மாதத்தில் மட்டும் பார்க்குக்குப் போகாதே. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நம் பள்ளிக்கூடத்து விடுமுறைகளை வரிசையாக எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு நீளமாக லீவு கிடைப்பது நான்கே சமயம்: கோடை, காலாண்டு, அரையாண்டு, பொங்கல். நம் துரதிர்ஷ்டம், இந்த நான்குமே தீம் பார்க்குக்கு ஆகாத சமயம்.

கோடையை எல்லோரும் வெயில் என்று மூன்று எழுத்தில் முடித்துவிடுகிறார்கள். கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அது முடிந்ததும் வெயில் தணிந்துவிடும் என்று நம்பி, மே கடைசி வாரத்தில் போகிறவர்கள் உண்டு. சென்னையில் 45 டிகிரி என்ற உச்சம் பதிவானது 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று. கத்திரி முடிந்து போனபின். 2023-இல் பள்ளி திறப்பை ஜூன் 1-லிருந்து 7-க்குத் தள்ளி, அதுவும் போதாமல் 12-க்கும், சின்னப் பிள்ளைகளுக்கு 14-க்கும் தள்ளினார்கள். 2024-இலும் ஜூன் 6 என்று சொல்லி 10-க்குத் தள்ளினார்கள். மின்விசிறி ஓடும் வகுப்பறையில் பிள்ளைகளை உட்காரவைக்கவே அரசாங்கம் யோசிக்கிற நாட்களில், நாம் காசு கொடுத்து அவர்களைத் தகரக் கூரைக்கடியில் வரிசையில் நிறுத்துகிறோம்.

நான் இதைப் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் மே மாதத்தில் பேத்தியை ஒரு பார்க்குக்குக் கூட்டிப்போனேன். தண்ணீர் விளையாட்டு இருக்கிறதே, வெயில் தெரியாது என்று நினைத்தேன். தண்ணீருக்குள் இருக்கும்வரை தெரியவில்லைதான். ஒரு குளத்திலிருந்து இன்னொரு சறுக்குக்குப் போக நடுவில் ஐம்பதடி சிமெண்ட் தரை. செருப்பு லாக்கரில் இருந்தது. குழந்தை பாதி வழியில் நின்று, ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, "ஆயா, ஆயா" என்று அலறினாள். தூக்கிக்கொண்டு ஓட எனக்குத் தெம்பு இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் தூக்கி நிழலில் விட்டார். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். அந்தக் குழந்தைக்கு அதற்கப்புறம் பத்து நாள் லீவு வீட்டுக்குள்ளேயே போயிற்று. தப்பு முழுக்க என்னுடையது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு மே மாத மணல் எப்படிச் சுடும் என்று தெரியாதா? தண்ணீரைப் பார்த்ததும் புத்தி மறந்துவிட்டது.

இதோடு இன்னொன்று. வெயில் எல்லா இடத்திலும் ஒன்று இல்லை. ஈ.சி.ஆர். ஓரம் கடலுக்குப் பக்கத்திலிருக்கும் முட்டுக்காடு எம்.ஜி.எம்., ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. போன்ற இடங்களுக்குக் கடல் காற்று சீக்கிரம் வந்துவிடும். நமக்குப் புதுப்பட்டினத்தில் நண்பகலுக்கு வருகிற காற்று, உள்ளே தள்ளியிருக்கும் திருப்போரூர்ப் பக்கம் போய்ச்சேர நேரமாகும். மேல்காற்று பலமாக அடிக்கிற நாளில் சாயங்காலம்வரைகூடக் கடல் காற்று கரையேறாது. நம் குப்பத்து மீனவர்களைக் கேட்டால் இதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். (அவர்கள் பிள்ளைகளுக்குக் கோடை லீவு இன்னும் கஷ்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. அப்பா வீட்டில் இருப்பார், கையில் காசு இருக்காது. அந்த இரண்டு மாதத்தில் "பார்க்குக்குப் போகலாம்பா" என்று கேட்காத பிள்ளைகளை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். கேட்கக்கூடாது என்று அதுகளுக்கே தெரியும்.)

காலாண்டு லீவில் ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி என்று எல்லாம் சேர்ந்து வந்து அலுவலகங்களுக்கும் தொடர் லீவு ஆகிவிடும். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அரையாண்டு லீவு டிசம்பர் கடைசி வாரம். இதைத்தான் பலரும் நல்ல சமயம் என்று நினைக்கிறார்கள். குளிர்ச்சியாக இருக்கும், உண்மைதான். ஆனால் நம் பக்கத்து மழை ஐப்பசி, கார்த்திகையோடு நின்றுவிடுகிற மழை இல்லை. 2015 டிசம்பர் முதல் தேதி வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2016 டிசம்பர் 12 வர்தா புயல். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கமாகத்தான் கரையைக் கடந்தது. அன்றிரவு எங்கள் வீட்டு முருங்கை மரம் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிற்று. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம். 2024-இல் நவம்பர் 30 அன்று பெஞ்சல். கடைசி வாரத்தில் பெரும்பாலும் மழை ஓய்ந்துவிடும் என்றாலும், டிக்கெட்டை ஒரு மாதம் முன்னதாகப் போட்டு வைக்கிறவர்களுக்கு இது சூதாட்டம். இடி, மின்னல், பலத்த காற்று என்றால் உயரமான ரைடுகளையும் தண்ணீர் விளையாட்டையும் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். மழை வந்தால் பணம் திரும்புமா, வேறு தேதி தருவார்களா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், மார்கழி மாதத்துத் தண்ணீரில் இறங்கினால் அரைமணி நேரத்தில் பிள்ளைகளுக்குப் பல் தந்தியடிக்கும். வெளியில் நிற்கும் நாம் அதை உற்சாகம் என்று நினைத்துப் போட்டோ எடுப்போம். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் ஈ.சி.ஆரில் வண்டிகள் நகரும் வேகத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பொங்கல் கதையை ஆட்டோக்காரத் தம்பி சொல்லிவிட்டான். காணும் பொங்கல் என்றாலே நாலு பேரைக் காண வெளியே போகிற நாள். மெரினா, வண்டலூர், மாமல்லபுரம் எல்லாம் ஜனசமுத்திரம். அது அந்த நாளின் அழகு. மாமல்லபுரம் மணலில் கட்டுச்சோறு பிரித்து உட்காருகிறவர்களுக்குக் கூட்டம் கூடக்கூட சந்தோஷம். கூட்டம் கூடினால் சந்தோஷம் குறைகிற ஒரே இடம் ராட்டினம்.

அது ஏன் என்று கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நான் சும்மா விடுவேனா? ஒரு ராட்டினத்தில் 24 இருக்கை என்று வைத்துக்கொள்வோம். சுற்றுவது 2 நிமிடம். இறங்க, ஏற, பெல்ட் போட்டு ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க 4 நிமிடம். ஆக ஒரு சுற்றுக்கு 6 நிமிடம். ஒரு மணிக்கு 10 சுற்று, 240 பேர். உங்களுக்கு முன்னால் 480 பேர் நின்றால் 2 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பார்க் 7 மணி நேரம் திறந்திருந்தால் இப்படி மூன்று ரைடு ஏறி ஒருவாய் சாப்பிட நாள் முடிந்தது. அதே இடத்தில் உங்களுக்கு முன்னால் 60 பேர் இருந்தால்? கால் மணி நேரம். டிக்கெட் காசு கிட்டத்தட்ட அதேதான். ஒருவர் மூன்று ரைடுக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுக்கிறார், இன்னொருவர் அதே பணத்தில் பதினைந்து ரைடு ஏறி, பிடித்ததில் இரண்டாம் தடவையும் ஏறுகிறார். கூட்டத்தை வேகமாகத் தள்ளவும் முடியாது. பெல்ட்டைப் பார்க்கிற அந்த 4 நிமிடத்தைக் குறைத்தால் உயிருக்கு ஆபத்து. ஆகவே பார்க்காரர்களைத் திட்டிப் பயனில்லை. நாம் போகிற நாளைத்தான் மாற்ற வேண்டும்.

சரி, எப்போது போகலாம்?

என் தீர்ப்பு மாசி மாதம். அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை, செவ்வாய், புதன், வியாழன் என்று ஒரு நாள். மழை முழுதாக ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் பல்லைக் காட்டியிருக்காது, தண்ணீரின் குளிர் விட்டிருக்கும். இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. மாசி மகத்துக்கு நம் இருளர் மக்கள் எங்கெங்கோ இருந்து மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து, மணலிலேயே தங்கி, கன்னியம்மாவைக் கும்பிட்டு, கல்யாணம்கூட நடத்திவிட்டுப் போகிறார்களே, பார்த்திருப்பீர்கள். வெட்டவெளியில் குழந்தை குட்டியோடு ராத்தங்க நம் கடற்கரையில் வேறு எந்த மாதம் சரிப்படும்? ஐப்பசியில் முடியுமா, வைகாசியில் முடியுமா? படித்த நாம் மே மாதத்தில் டிக்கெட் போடுகிறோம்.

தை மாதமும் வானிலைக்கு நல்லதுதான். ஒரு சிக்கல், அது எங்கள் இனத்தால் வருவது. அரையாண்டு முடிந்து ஆண்டுத் தேர்வு நெருங்குவதற்குள் பள்ளிக்கூடங்கள் சுற்றுலா கிளம்பும் காலம் அது. வார நாளில் போய் நின்றால் முன்னால் பத்துப் பஸ் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருக்கும். நானும் அந்தக் காலத்தில் அறுபது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வி.ஜி.பி.யில் அந்தச் சிலை மனிதர் முன்னால் போய் நின்று, "யாராவது சிரிக்க வைங்கடா பார்ப்போம்" என்று அரைமணி நேரம் வழியை அடைத்தவள்தான். மாசி பாதிக்குமேல் அந்தப் பஸ்கள் குறைந்துவிடும்.

இரண்டாவது ஜூலை. பள்ளி திறந்து, நோட்டுக்கு அட்டை போட்டு, கட்டணமெல்லாம் கட்டி எல்லோரும் ஓய்ந்திருக்கும் மாதம். யாருக்கும் பார்க் ஞாபகமே வராது. என் பழைய மாணவன் ஒருவன் இந்த மாதிரி ஓர் இடத்தில் வேலை பார்க்கிறான். "ஜூலை செவ்வாய்க்கிழமைல வாங்க டீச்சர், எங்களுக்கே போரடிக்கும்" என்கிறான். ஆனால் இரண்டு எச்சரிக்கை. பகல் ஒரு மணி, இரண்டு மணிவரை வெயில் நன்றாகவே இருக்கும், குடையும் செருப்பும் மறக்கக்கூடாது. சாயங்காலம் மேற்கே கறுத்தால் இடிமழை வரலாம். ஆகையால் உயரமான ரைடுகளை முதலில் முடித்துவிட்டுத் தண்ணீருக்கு வெயில் நேரத்தில் போங்கள். ஆடிக் காற்று பலமாக அடித்தால் உச்சி ரைடுகளை நிறுத்தவும் செய்வார்கள். இவ்வளவு சொன்னபின்னும் ஜூலை புதன்கிழமையை மே ஞாயிற்றுக்கிழமையோடு ஒப்பிடவே முடியாது.

இள்ளலூர் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கிளம்பும் முன் காலண்டரில் கிருத்திகையா, சஷ்டியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கந்தசாமி கோயிலுக்கு வரும் கூட்டத்தில் திருப்போரூரைத் தாண்டுவதற்குள் பாதிக் காலை போய்விடும். மாசியில் பிரம்மோற்சவமும் உண்டு. முருகனைச் சேவித்துவிட்டுப் போகிற எண்ணம் இருந்தால் அது வேறு.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு என் பழைய மாணவர்கள் கையிலிருக்கும் டீயைக் கொட்டிக்கொள்ளாதீர்கள்.

மாசி புதன்கிழமையும் ஜூலை செவ்வாய்க்கிழமையும் பள்ளிக்கூட நாள். ஒரு நாள் லீவு போடுங்கள்.

ஆமாம், நான்தான் சொல்கிறேன். வருகைப் பதிவேட்டை வேதப்புத்தகம் மாதிரி வைத்திருந்தவள், லீவ் லெட்டர் இல்லாமல் வந்தவனை முதல் பீரியட் முழுக்க வாசலில் நிறுத்தியவள். தங்கை மகள் கல்யாணத்துக்கே நான் மதியம் பள்ளி விட்டபின்தான் போனேன் என்று இன்றுவரை உறவில் வருத்தம் உண்டு. அவள் இதைப் படித்தால் சிரிப்பாள்.

என் மனசு மாறியதற்குக் காரணம் ஒரு பெண் குழந்தை. வருஷம் வேண்டாம், அடையாளம் தெரிந்துவிடும். நான்காம் வகுப்பு. அப்பாவுக்கு லாரி ஓட்டுகிற வேலை. வடக்கே சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் வர இருபது நாள், இருபத்தைந்து நாள் ஆகும். வந்தால் இரண்டு நாள் வீட்டில் இருப்பார், அந்த இரண்டு நாள் எந்தக் கிழமையில் விழும் என்று அவருக்கே தெரியாது. ஒரு புதன்கிழமை மாலை பள்ளிக்கூடத்துக்கு வந்தார். லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். "நாளைக்கு ஒரு நாள் பாப்பாவ அனுப்ப மாட்டேம்மா. ராட்டினம் பாக்கணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கு. வெள்ளிக்கிழம நான் கிளம்பிடுவேன்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படிப்பு முக்கியமா, ராட்டினம் முக்கியமா? ஞாயிற்றுக்கிழமை கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. சரிம்மா என்று போய்விட்டார். மறுநாள் அந்தக் குழந்தை சரியான நேரத்துக்கு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. எனக்கு அன்று பெருமை வேறு.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தேன். கையில் குழந்தை. பழைய கதையெல்லாம் பேசினோம். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, விளையாட்டாக, "அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ராட்டினம் பார்த்தியா இல்லையா?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "எங்க டீச்சர், அப்பாவுக்கு ஞாயித்துக்கிழமையே வரலையே." அன்று வியாழக்கிழமை நான் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கும் இருக்காது.

ஒரு கல்வியாண்டில் 200-க்கு மேல் வேலை நாட்கள். அதில் ஒன்று போனால் பிள்ளையின் படிப்பு குடிமுழுகிப் போகாது. முப்பது வருஷத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவள் சொல்கிறேன், நம்புங்கள்.

எல்லா நாட்டிலும் இப்படி விட்டுவிட மாட்டார்கள். இங்கிலாந்தில் பள்ளி நாளில் அனுமதி இல்லாமல் பிள்ளையைச் சுற்றுலா கூட்டிப்போனால் பெற்றோருக்கு அபராதம். ஐல் ஆஃப் வைட் தீவில் ஒரு தகப்பனார் 2015-இல் மகளை அமெரிக்காவில் ஃபுளோரிடாவுக்கு, டிஸ்னி வேர்ல்டு பார்க்கக் கூட்டிப்போனார். 60 பவுண்டு அபராதம் போட்டார்கள், கட்டவில்லை, 120 ஆயிற்று. அதையும் கட்டாமல் கோர்ட்டுக்குப் போனார். கீழே ஜெயித்தார். கடைசியில் 2017-இல் அங்கத்திய உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆளாளுக்கு நினைத்த நாளில் பிள்ளையை நிறுத்தினால் வகுப்பு எப்படி நடக்கும் என்ற அவர்கள் கவலையும் எனக்குப் புரிகிறது. அங்கே பலர் ஒரு வாரம், இரண்டு வாரம் எடுக்கிறார்கள். நான் கேட்பது ஒரே நாள்.

ஆசிரியர் வேலையில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்று. அரசாங்கத்தில் யாராவது கேட்டால் சொல்லுங்கள்: ஜெர்மனியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் கோடை விடுமுறை வேறு வேறு தேதி. பிரான்சில் நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்துக் குளிர்கால, வசந்தகால விடுமுறைகளை முன்பின்னாக விடுகிறார்கள். ஒரே நாளில் எல்லோரும் ரோட்டுக்கு வராமல் இருக்கத்தான். நம் 38 மாவட்டத்துக்கும் காலாண்டு லீவை ஏன் ஒரே நாளில் விட வேண்டும்? சரி, அது நடக்கும்போது நடக்கட்டும்.

அதுவரை என் லீவுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இது கிடையாது. அவர்கள் பொதுத்தேர்வு எழுதி முடித்த மறுவாரம் போகட்டும். தம்பி தங்கைகள் பள்ளியில் இருக்கும்போது அண்ணன் அக்காவுக்குக் கூட்டமில்லாத நாள் கிடைக்கும். பரீட்சை நாளில் யாருக்கும் கிடையாது. அடுத்தது முக்கியம்: லீவ் லெட்டரில் பொய் எழுதாதீர்கள். "காய்ச்சல் காரணமாக" என்று எழுதி, அதில் அப்பா கையெழுத்தும் போட்டு, மறுநாள் பிள்ளை வெயிலில் கறுத்துப்போய், கையில் பார்க்கில் கட்டிய பட்டையோடு வகுப்புக்கு வந்து நிற்கும். டீச்சருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? எல்லாம் தெரியும், என்னிடமே ஒரு பையனுக்கு ஒரே வருஷத்தில் மூன்று தாத்தா செத்திருக்கிறார்கள். "என் பெற்றோருடன் பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் செல்வதால் ஒரு நாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். மறுநாள் விட்டுப்போன பாடத்தை எழுதிவிட வேண்டும். இப்படி ஒரு கடிதம் வந்தால், டீச்சராக இருக்கும் என் பெண்களே, பையன்களே, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போய்விட்டு வந்து என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். பத்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்.

ஞாயிறு தவிர லீவே கிடையாது என்பவர்களும் இருக்கிறீர்கள். கல்பாக்கத்திலும் மறைமலை நகரிலும் ஷிப்ட்டில் இருப்பவர்களுக்கு வார நாளில் ஓய்வு வரும், ஆட்டோ ஓட்டுகிறவர்களும் கடை வைத்திருப்பவர்களும் ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளலாம். மற்றவர்கள் முன்னும் பின்னும் லீவு ஒட்டாத வெறும் சனிக்கிழமையாக, ஜூலையிலோ மாசியிலோ பாருங்கள். அதுவும் கதவு திறக்கும் முன்பே போய் நில்லுங்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தில் ஏறுவதுதான் லாபம்.

வெளிநாட்டு உறவுகளுக்கு: துபாய், மஸ்கட்டில் இருப்பவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் லீவு. உங்களுக்கு அடித்தது யோகம். நம் பிள்ளைகள் எல்லாம் வகுப்பில் இருக்கும்போது நீங்கள் வார நாளில் ராஜா மாதிரி போகலாம். சிங்கப்பூர்க்காரர்கள் ஜூன் லீவில் வருகிறீர்கள், நம் பள்ளிகள் திறந்தபின் ஒரு வாரம் பொறுத்துப் போங்கள், வெயிலுக்குத் தயாராக வாருங்கள். அமெரிக்காவிலிருந்து டிசம்பரில் வருகிற என் ஓரகத்தி குடும்பத்துக்கு வேறு வழியில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வார நாள் ஒன்றைப் பிடித்து, வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு முந்தின நாள் டிக்கெட் எடுங்கள். தம்பி மகனுக்கு: மே மாதம் வா, மாங்காய் இருக்கும், நுங்கு இருக்கும், விடியற்காலையில் சதுரங்கப்பட்டினம் கோட்டையைப் பார்த்துவிட்டு வெயிலுக்கு முன் வீடு திரும்பலாம். பார்க்குக்கு ஜூலையில் ஒருநாள் மறுபடி வா.

இன்னொரு காலமும் பார்க்க வேண்டும், அது பிள்ளையின் உயரம். வாசலில் அளவுக் கம்பு வைத்திருப்பார்கள். சிலதுக்கு 120 சென்டிமீட்டர், பெரிய ரைடுகளுக்கு 140 என்பது மாதிரி. ஐந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போனால் அது அண்ணன் ஏறுவதைக் கீழே நின்று பார்த்து அழும். பதினைந்து வயதாகிவிட்டால் உங்களோடு வரவே வராது, நண்பர்களோடுதான் போகும். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிற அந்த நாலைந்து வருஷம்தான். வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆட்டோக்காரத் தம்பிக்கு நேற்றுப் போன் போட்டேன். இந்த மாசி கைவிட்டுப் போகிறது, மறுபடி சீட்டு எடுக்கவும் அவனுக்கு நாளாகும். ஜூலை இரண்டாம் வாரம், புதன்கிழமை என்று முடிவாகியிருக்கிறது. பெண் வர மாட்டேன் என்கிறாளாம், "ஆயா வர்றாங்கன்னு சொல்லு" என்றேன். நானும் போகிறேன். ராட்டினம் ஏறுவதற்கு இல்லை, பைகளைப் பார்த்துக்கொள்ளவும் அவர்கள் மாமியாரோடு நிழலில் உட்காரவும் ஒரு ஆள் வேண்டுமே. லீவ் லெட்டரை அந்தப் பெண்ணே எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பிழை திருத்த எனக்கு ஒரு தடவை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.